ஒரே ஆள் தொடங்கிய இரண்டு பேப்பர்: இந்து இருக்கிறது, சுதேசமித்திரன் எங்கே?

கடற்கரை ரயில்
போன ஞாயிற்றுக்கிழமை வீட்டில் பரண் ஒழித்தோம். பழைய பேப்பர்க்காரர் வந்து உட்கார்ந்து கட்டைப் பிரித்ததும் முதல் வேலையாக இங்கிலீஷ் ஒரு பக்கம், தமிழ் ஒரு பக்கம் என்று தனித்தனியாக அடுக்கினார். கிலோவுக்கு இங்கிலீஷ் பேப்பருக்குக் கொஞ்சம் கூட, தமிழுக்குக் கொஞ்சம் கம்மி. சின்ன வயதிலிருந்தே பார்க்கிற விஷயம்தான், ஆனால் அன்றைக்கு என்னவோ உறுத்தியது. ஏனென்றால் அதற்கு முந்தின வாரம்தான் ஜி. சுப்பிரமணிய ஐயரைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். 1878-ல் இந்து தொடங்கியவர்களில் அவர் முக்கியமான ஆள். 1882-ல் சுதேசமித்திரனைத் தொடங்கியதும் அவரே. இங்கிலீஷ் பேப்பர் 150-ஐ நெருங்கிக்கொண்டு இன்றும் காலையில் வாசலில் விழுகிறது. பாரதி வேலை பார்த்த தமிழ்ப் பேப்பர் 1985-ல் மூடிவிட்டது. ஒரே ஆள், ஒரே ஊர், நாலு வருட இடைவெளி. ஏன் இப்படி? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். "இங்கிலீஷ் மோகம்" என்று ஒரு வார்த்தையில் முடிக்க வேண்டாம், அது எனக்கே தெரியும்.

பெரிய தெரு
நான் திருவல்லிக்கேணிக்காரன் என்பதால் முதல் பாகத்தைச் சொல்லிவிடுகிறேன். திருவல்லிக்கேணி இலக்கியச் சங்கத்தில் கூடிப் பேசிக்கொண்டிருந்த ஆறு பேர். இரண்டு பேர் வாத்தியார்கள்: சுப்பிரமணிய ஐயருக்கு 23 வயது, வீரராகவாச்சாரியாருக்கு 21. மீதி நாலு பேர் சட்டம் படித்துக்கொண்டிருந்த பையன்கள்: டி.டி. ரங்காச்சாரியார், பி.வி. ரங்காச்சாரியார், கேசவராவ் பந்துலு, சுப்பாராவ் பந்துலு. இவர்களைக் கிளப்பிவிட்டது ஒரு நியமனம். டி. முத்துசாமி ஐயரைச் சென்னை ஹைகோர்ட்டில் நீதிபதியாக உட்கார வைத்தார்கள். அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் இந்தியர் அவர். ஊரில் இருந்த வெள்ளைக்காரப் பேப்பர்கள் குதித்தன. பதில் சொல்ல நம்மவர்கள் கையில் ஒரு பேப்பர்கூட இல்லை. சரி, நாமே போடுவோம் என்று ஒன்றே முக்கால் ரூபாய் கடன் வாங்கி, தங்கசாலைத் தெரு ஸ்ரீநிதி அச்சகத்தில் 80 பிரதி அடித்தார்கள். 1878 செப்டம்பர் 20. வாரம் ஒரு தடவை, புதன்கிழமை சாயந்திரம் கொண்டுவருவதாகத் திட்டம். எட்டுப் பக்கம், விலை நாலணா.

பையன்கள் படிப்பை முடித்து வக்கீல் தொழிலுக்குப் போய்விட்டார்கள். வண்டியை இழுத்தது வாத்தியார்கள் இரண்டு பேரும்தான்.

அரைத்தூக்கம்
80 பிரதி × 4 அணா = 320 அணா = 20 ரூபாய். ஒன்றே முக்கால் போட்டு இருபது. என் மியூச்சுவல் ஃபண்ட் இந்த மாதிரி ஒரு நாளும் போனதில்லை.

பெரிய தெரு
தம்பி, 80-ம் விற்றிருந்தால்தானே!

நூல் கட்டு
இங்கிலீஷில் தொடங்கியதற்கு இன்னொரு காரணம் உண்டு என்று நினைக்கிறேன். அதே 1878 மார்ச்சில்தான் லிட்டன் பிரபு இந்திய மொழிப் பத்திரிகைகளுக்கு வாய்ப்பூட்டுச் சட்டம் கொண்டுவந்தார். இங்கிலீஷ் பேப்பருக்கு அது கிடையாது. கல்கத்தாவில் அமிர்த பஜார் பத்திரிகை அதனால்தான் ராத்திரியோடு ராத்திரியாக வங்காளத்தை விட்டு இங்கிலீஷுக்கு மாறியது. நம்மவர்களும் அதற்குப் பயந்துதான் இங்கிலீஷைப் பிடித்திருக்க வேண்டும்.

பெரிய தெரு
கல்கத்தா வரைக்கும் நீங்கள் சொல்வது சரி, சென்னைக்கு வராது. அந்தச் சட்டத்திலிருந்து சென்னை மாகாணத்தை விட்டுவிட்டார்கள். இங்கே இங்கிலீஷில் எழுதியதற்குக் காரணம் ரொம்ப சாதாரணம்: திட்டியவன் இங்கிலீஷில் திட்டினான். கவர்னர் மாளிகையில் படிக்க வேண்டும், கோர்ட்டில் படிக்க வேண்டும், 'மெட்ராஸ் மெயில்' என்ற வெள்ளைக்காரப் பேப்பரின் ஆசிரியர் படித்து வயிறெரிய வேண்டும். சண்டை யாரோடு என்பதுதான் மொழியைத் தீர்மானித்தது.

தஞ்சாவூர்க்காரி
சுப்பிரமணிய ஐயர் எங்கள் திருவையாற்றுப் பக்கத்து ஆள். அதனால் கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்து எப்படிப் பிழைத்தது என்று கேட்பதற்கு முன்னால், அதைத் தொடங்கியவர் ஏன் வெளியே போனார் என்று கேட்க வேண்டும். 1885-ல் பம்பாயில் முதல் காங்கிரஸ் கூடியபோது முதல் தீர்மானத்தை எழுந்து முன்மொழிந்தவர் இவர். வெள்ளைக்காரனைத் திட்டி எழுதிய வரைக்கும் மயிலாப்பூர், திருவல்லிக்கேணிப் பெரியவர்கள் எல்லாரும் கைதட்டினார்கள். அதே மனுஷன் பால்ய விவாகம் தப்பு, விதவைக்கு மறுமணம் செய்ய வேண்டும் என்று அதே பேப்பரில் எழுத ஆரம்பித்ததும் முகம் சுளித்தார்கள். எழுதியதோடு விட்டாரா? சின்ன வயதிலேயே தாலி அறுந்த தன் சொந்த மகளுக்கு 1889-ல் பம்பாயில், காங்கிரஸ் கூடிய சமயத்தில், மறுபடி கல்யாணம் செய்து வைத்தார். அந்தக் காலத்தில் அதற்கு என்ன விலை என்று நம் பாட்டிகளைக் கேட்டால் தெரியும். வீட்டுக்கு வருகிறவர்கள் நின்றுபோவார்கள், பந்தியில் இலை போட மாட்டார்கள்.

கூட்டாளி வீரராகவாச்சாரியாருக்கு இதெல்லாம் ஒத்துவரவில்லை. அவதூறு வழக்குகள் வேறு பணத்தைத் தின்றன. கடைசியில் 1898-ல் இவர் வெளியேறினார். போனவர் சும்மா இருக்கவில்லை, அடுத்த வருடமே சுதேசமித்திரனை நாளிதழாக்கினார். தமிழின் முதல் நாளிதழ். 1904-ல் மதுரையில் வாத்தியாராக இருந்த ஒரு இளைஞரைக் கூட்டிவந்து உதவி ஆசிரியராக உட்கார வைத்தார், அவர்தான் பாரதி. 1908-ல் சர்க்காருக்கு விரோதமாக எழுதினார் என்று ஐயரைக் கைது செய்தார்கள். அப்போது உடம்பு ஏற்கெனவே கெட்டிருந்தது. 1916-ல் போய்விட்டார்.

ஆக, துணிச்சல் தமிழ்ப் பக்கம் போனது, பெயர்ப்பலகை இங்கிலீஷ் பக்கம் நின்றது. எனக்கு அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது.

கணக்குப்பிள்ளை
அம்மா, கோபம் நியாயம். ஆனால் துணிச்சல் மட்டும் வைத்துக் காகிதக்காரனுக்குப் பணம் கட்ட முடியாது. ஐயர் போன பிறகு இந்து என்ன ஆயிற்று என்று பாருங்கள். விற்பனை 800-க்கு வந்துவிட்டது. தினசரியாகி (1889 ஏப்ரலில் ஆனது) பதினாறு வருடத்துக்குப் பிறகும் 800! வீரராகவாச்சாரியாரால் தாங்க முடியாமல் 1905-ல் விற்றார். வாங்கியவர் கஸ்தூரி ரங்க ஐயங்கார், கும்பகோணம் பக்கம் இன்னம்பூர், கோயம்புத்தூரில் வக்கீல் தொழில் பார்த்தவர், 1895-லிருந்து இந்துவுக்கே சட்ட ஆலோசகர். அதாவது அந்தப் பேப்பரின் கடன் என்ன, வழக்கு என்ன என்று உள்ளே இருந்து பார்த்தவர். அப்படிப் பார்த்த பிறகும் 75,000 ரூபாய் கொடுத்து வாங்கினார் பாருங்கள், அதுதான் துணிச்சல் என்பேன் நான். அன்றைய 75,000!

அப்புறம் அவர் செய்தது எல்லாம் பெட்டிக்கடைக்காரன் செய்கிற காரியம்தான்: சந்தா பாக்கி, விளம்பரம், ராய்ட்டர் தந்திச் செய்தி, நல்ல அச்சு எந்திரம். 1921-ல் ரோட்டரி எந்திரம் வந்தது. 1923-ல் அவர் காலமானபோது அந்தப் பேப்பரை யாராலும் அசைக்க முடியாது. இன்று வரைக்கும் அதே குடும்பம்.

அரசியலிலும் ஒதுங்கி நின்றவர் என்று நினைக்க வேண்டாம். 1919-ல் காந்தி சென்னைக்கு வந்து ராஜாஜியோடு தங்கினாரே, ரவுலட் சட்டத்துக்கு எதிராக நாடு முழுக்கக் கடையடைப்பு என்ற யோசனை அவருக்கு உதித்ததே, அந்தக் கதீட்ரல் ரோடு பங்களா இவருடையது.

அரைத்தூக்கம்
ஆக விடை: வாத்தியார் தொடங்கினால் மூடும், வக்கீல் வாங்கினால் ஓடும். இழையைப் பூட்டிவிடலாமா?

பழுப்புத் தாள்
பூட்ட வேண்டாம். அச்சுக்கூடத்தில் முப்பது வருடம் இருந்தவன் நான், அதனால் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். ஒரு நூலகத்தில் 1950-களின் இந்து தொகுப்பைப் புரட்டினேன். தொட்டால் ஓரம் உதிர்கிறது, ஒவ்வொரு தாளையும் இரண்டு கையாலும் அப்பளத்தைத் தூக்குவது போலத் தூக்க வேண்டும். முதல் பக்கத்தில் செய்தியே கிடையாது! மேலே பெயர், கீழே ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக விளம்பரம். நாட்டில் என்ன நடந்தாலும் உள்ளே திருப்பினால்தான் தெரியும். 1958 ஜனவரி 14, பொங்கல் அன்றுதான் செய்தி முதல் பக்கத்துக்கு வந்தது. 80 வருடம்! லண்டன் 'டைம்ஸ்' அப்படித்தான் வைத்திருந்தது, அதைப் பார்த்து இவர்களும் வைத்திருந்தார்கள்.

இப்போது எடுத்துப் பாருங்கள். பண்டிகை சீசனில் முதல் பக்கம் முழுக்க நகைக்கடை, அதைத் திருப்பினால் ஃபிளாட், அதையும் திருப்பினால்தான் செய்தி. பெரியவர்கள் போட்ட வழிக்கே சுற்றி வந்துவிட்டார்கள்.

நாலு மணி
எங்கள் அப்பா கோயம்புத்தூரில் பேப்பர் ஏஜென்ட், நான் பத்து வயதிலிருந்து அவருக்கு லைன் பையன், சம்பளமில்லாத லைன் பையன். இந்தக் கேள்விக்கு ஏஜென்ட் பக்கத்திலிருந்து ஒரு பதில் இருக்கிறது.

முதலில் அப்பா சொன்ன கதை. அந்தக் காலத்தில் மெட்ராஸில் அடித்த பேப்பர் எங்கள் ஊருக்கு வந்து சேருவதற்குள் வெயில் ஏறிவிடும். 1963-ல் இந்துக்காரர்கள் பேப்பர் கொண்டுபோக சொந்தமாக விமானமே வாங்கினார்கள். நம் நாட்டில் வேறெந்தப் பேப்பரும் அதுவரைக்கும் செய்யாதது. அப்புறம் 1969-ல் பக்கத்தை அப்படியே படமாகக் கம்பி வழியாக அனுப்பிக் கோயம்புத்தூரிலேயே அடிக்க ஆரம்பித்தார்கள். அடுத்து பெங்களூர், ஹைதராபாத், மதுரை. வெயில் ஏறிய பிறகு பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஊரில் திடீரென்று மை காயாத பேப்பர் காலை காபிக்கு முன்னால் வந்தால் யார் விடுவார்கள்?

இப்போது என் சரக்கு. காலை நாலு மணிக்கு பஸ் ஸ்டாண்டு ஓரம் பிளாட்பாரத்தில் சணல் கயிற்றை அறுத்துக் கட்டைப் பிரிப்போம், இணைப்பைச் சொருகுவோம், லைனுக்கு இத்தனை என்று எண்ணி சைக்கிளில் அடுக்குவோம். விரல் நுனி கறுப்பாகிவிடும், பள்ளிக்கூடத்தில் நோட்டில் ரேகை பதியும். எந்தப் பேப்பர் எந்த வாசலில் விழும் என்று எனக்கு மனப்பாடம். இந்து என்றால் டாக்டர், வக்கீல், பாங்க் மானேஜர், மில் ஆபீசர், ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர். தந்தி என்றால் சலூன், டீக்கடை, மில் கேட், சைக்கிள் கடை. டீக்கடையில் போடுகிற ஒரு தந்தியை மத்தியானத்துக்குள் நாற்பது பேர் படித்துவிடுவார்கள், தாள் தாளாகப் பிரித்து ஆளுக்கொன்று. இந்து போடுகிற வீட்டில் ஒருவர்தான் படிப்பார், மடிப்புக் கலையாமல் சாயந்திரம் அலமாரிக்குப் போகும். ஆனால் எங்களுக்கு இரண்டும் ஒரு காப்பிதான். விளம்பரம் கொடுக்கிறவனுக்கு அந்த நாற்பது பேரை விட இந்த ஒருவர்தான் வேண்டும். கார் விற்கிறவன், ஃபிரிட்ஜ் விற்கிறவன், வேலைக்கு ஆள் எடுக்கிற கம்பெனி, மாப்பிள்ளை தேடுகிற அமெரிக்கா வரன், எல்லாரும் அந்த அலமாரி வீட்டுக்குத்தான் வந்தார்கள்.

பழைய பேப்பர் விலையும் இதேதான். பக்கம் அதிகம், தாள் நல்ல தாள், கசங்காமல் வரும். பொட்டலம் மடிக்கிறவனுக்கு அது போதும்.

கடற்கரை ரயில்
நாலு மணி அண்ணே, இதுதான் நான் கேட்டது! ஆனால் அப்படியானால் தினத்தந்தி எப்படிப் பிழைத்தது? அது நாற்பது பேர் படிக்கிற பேப்பர்தானே? சுதேசமித்திரன் மட்டும் ஏன் போனது?

தஞ்சாவூர்க்காரி
அங்கேதான் மொழி வருகிறது. ஐயர் 1915-ல் சுதேசமித்திரனை ஏ. ரங்கசாமி ஐயங்காரிடம் கொடுத்துவிட்டார். அவர் கஸ்தூரி ரங்க ஐயங்காரின் உறவுக்காரர். 1928-ல் அவரே இந்துவுக்கு ஆசிரியராகப் போய்விட்டார். தமிழ் வீட்டில் வளர்ந்த ஆள் இங்கிலீஷ் வீட்டுக்குப் பெரிய நாற்காலிக்குப் போனார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மித்திரனை சி.ஆர். சீனிவாசன் பார்த்துக்கொண்டார், நன்றாகத்தான் நடத்தினார். ஆனால் கூட்டத் தலைவரை 'அக்கிராசனர்' என்று எழுதுகிற பேப்பர் அது. செயலாளர் 'காரியதரிசி', வேட்பாளர் 'அபேட்சகர்', சொற்பொழிவு 'உபந்நியாசம்'. என் தாத்தா இந்த வார்த்தைகளைச் சொல்லும்போது இனிமையாகத்தான் இருக்கும். மில் தொழிலாளிக்கு?

1934 செப்டம்பர் 11, பாரதி நினைவு நாளில் தினமணி வந்தது. டி.எஸ். சொக்கலிங்கம் ஆசிரியர். வேகம், கோபம், சுலபமான நடை. மித்திரன் வாங்கிக்கொண்டிருந்த வீடுகளிலேயே பாதி இதற்கு மாறியிருக்கும். அப்புறம் 1942-ல் மதுரையில் சி.பா. ஆதித்தனார் தந்தியைத் தொடங்கினார். பேசுகிற தமிழ், பெரிய எழுத்து, படித்துக் காட்டினால் எழுத்து தெரியாதவனுக்கும் புரியும். மேலே இந்து, நடுவில் தினமணி, கீழே தந்தி. மித்திரனுக்கு உட்கார இடமே இல்லை.

நூல் கட்டு
அது மட்டும் இல்லை, திராவிட இயக்கம் தமிழையே மாற்றிப்போட்டது. 1967-க்குப் பிறகு 'அக்கிராசனர்' என்று எழுதுகிற பேப்பரை யார் வாங்குவார்கள்? மவுண்ட் ரோடில் விக்டரி ஹவுஸ் என்ற பெரிய கட்டடம் மித்திரனுடையது. அதுவும் கைமாறி வி.ஜி.பி. ஆனது. தவணை முறையில் ஃபிரிட்ஜ் வாங்க அந்தப் படியில் ஏறியவர்களில் எத்தனை பேருக்கு அது சுதேசமித்திரன் ஆபீஸ் என்று தெரிந்திருக்கும்?

வெட்டிவேர்
எல்லாரும் இந்துவைத் தூக்கி வைத்துக் கொஞ்சுகிறீர்கள். "மவுண்ட் ரோடு மகாவிஷ்ணு" என்று அந்தப் பேப்பருக்கு ஏன் பெயர் வந்தது என்று யாரும் சொல்லவில்லையே? பாற்கடலில் படுத்துக்கொண்டு ஊர் பற்றி எரிந்தாலும் கண்ணைத் திறக்காது என்றுதான். எமர்ஜென்சியில் இந்தியன் எக்ஸ்பிரஸ் தலையங்கத்தை வெற்றிடமாக விட்டது. மகாவிஷ்ணு அடக்கி வாசித்தார். போஃபர்ஸ் பீரங்கிப் பேர ஊழல் ஆவணங்களை 1988-ல் வெளியிட்டார்கள், சித்ரா சுப்பிரமணியம் கொண்டுவந்தது, பெரிய வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் அடுத்த வருடமே தொடரை நடுவில் நிறுத்தியதால் உள்ளேயே சண்டை வந்தது. "தேசிய நாளிதழ்" என்று தலையில் போட்டுக்கொள்கிறார்கள், விந்தியத்துக்கு அந்தப் பக்கம் எத்தனை வீட்டில் போடுகிறார்கள்?

பெரிய தெரு
வெட்டிவேர், பாதி ஒப்புக்கொள்கிறேன். மீதிக்கு 2003 நவம்பர் 7-ஐ ஞாபகப்படுத்துகிறேன். சட்டசபை உரிமை மீறல் என்று இந்துக்காரர்கள் ஐந்து பேருக்கும், அவர்கள் தலையங்கத்தை எடுத்துப் போட்டதற்காக முரசொலி ஆசிரியருக்கும் 15 நாள் சிறை என்று தீர்மானம் போட்டார்கள். போலீஸ் மவுண்ட் ரோடு ஆபீஸுக்குள்ளேயே நுழைந்தது. மூன்று நாளில் சுப்ரீம் கோர்ட் தடை கொடுத்தது. தூங்குகிற சாமியைப் பிடிக்க யாராவது போலீஸ் அனுப்புவார்களா? வடக்கே எத்தனை வீடு என்று கேட்டால், டெல்லியில் ஐ.ஏ.எஸ். பரீட்சைக்குப் படிக்கிற பையன் எந்த மாநிலமாக இருந்தாலும் கையில் எந்தப் பேப்பர் என்று போய்ப் பாருங்கள்.

வெட்டிவேர்
பரீட்சைக்குப் படிக்கிறது பேப்பர் படிக்கிறதில் சேராது சார். "இந்து படி, இங்கிலீஷ் வரும்" என்று என் அப்பாவும் அடித்து அடித்துப் படிக்க வைத்தார். கிரிக்கெட் பக்கம் மட்டும் படித்தேன், அந்த இங்கிலீஷ்தான் இன்றைக்கும் சோறு போடுகிறது.

பழுப்புத் தாள்
ஒரு குறுக்குக் கேள்வி. இங்கிலீஷ் என்பதால்தான் பிழைத்தது என்றால் 'மெயில்' ஏன் போனது? 1868-ல் வந்தது, இந்துவுக்குப் பத்து வயது மூப்பு. வெள்ளைக்கார வியாபாரிகள் அத்தனை பேரும் அதன் பக்கம். மவுண்ட் ரோடில் கட்டடம், பணம், எல்லாம் இருந்தது. 1981-ல் மூடிவிட்டார்கள். சாயந்திரப் பேப்பராகவே கடைசி வரைக்கும் உட்கார்ந்திருந்தது. இந்துவும் முதலில் சாயந்திரப் பேப்பர்தான், ஆனால் 1940-ல் காலைக்கு மாறிக்கொண்டது. நாலு மணி சொன்ன விமானமும் சரி, கம்பி வழிப் படமும் சரி, எல்லாம் அந்தக் காலைக் காபிக்கு முன்னால் போய்ச் சேருவதற்காகத்தானே? மித்திரனும் மெயிலும் அந்தப் பந்தயத்தில் ஓடவே இல்லை என்பது என் கட்சி. எழுதுகிறவர்கள் மொழி, கொள்கை என்று சொல்வார்கள். அச்சுக்கூடத்திலிருந்து பார்த்தால் எத்தனை மணிக்குக் கட்டு வெளியே போகிறது என்பதுதான் பேப்பர்.

கணக்குப்பிள்ளை
ஐயா, கையைக் கொடுங்கள்.

தஞ்சாவூர்க்காரி
இருவரும் கை குலுக்கிக்கொள்ளுங்கள். எனக்கு ஒரு கணக்கு மட்டும் இடிக்கிறது. இங்கிலீஷில் தொடங்கிய சுப்பிரமணிய ஐயருக்கு, ஊர் ஜனத்துக்குப் புரிகிற மொழியில் எழுத வேண்டும் என்று தோன்ற நாலு வருடம் ஆயிற்று. அவர் விட்டுப்போன பேப்பருக்குத் தமிழில் ஒன்று போடலாம் என்று தோன்றியது 2013 செப்டம்பரில். 135 வருடம். இப்போது 'இந்து தமிழ் திசை' என்று வருகிறதே, அது. நன்றாகத்தான் இருக்கிறது, நானே வாங்குகிறேன்.

கடற்கரை ரயில்
நான் வாங்குவதும் அதுதான். அன்றைக்குத் தமிழ்ப் பக்கம் அடுக்கி விலை குறைத்து எடுத்துப்போனதும் அதையேதான், இப்போதுதான் உறைக்கிறது.

சரி, மித்திரனின் பழைய இதழைக் கண்ணால் பார்க்க வேண்டும் போல இருக்கிறது. எங்கே போகலாம்?

பழுப்புத் தாள்
தரமணியில் ரோஜா முத்தையா நூலகத்தில் கேட்டுப் பாருங்கள், எழும்பூரில் கன்னிமாராவிலும். ஃபிலிமில் இருந்தால் சுற்றிச் சுற்றிக் கண் வலிக்கும், தயாராகப் போங்கள். தாளாகவே கொடுத்தால் நான் சொன்ன அப்பளக் கதை ஞாபகம் இருக்கட்டும்.

நாலு மணி
அடுத்த வாரம் நான் மெட்ராஸில்தான் இருப்பேன். வியாழக்கிழமை என்றால் நானும் வருகிறேன். காலையில் சீக்கிரம் போவோம், எனக்கு எப்படியும் நாலு மணிக்கு மேல் தூக்கம் வராது.